வாறேன் என்று சொல்லாமல்

புதுக் கம்ப்யூட்டர் வந்து ஒன்பது நாள்.
திரையில் ஒட்டிய மெல்லிய தாளைக்கூட
இன்னும் உரிக்கவில்லை.
அதற்குள் நாற்பத்தொரு முறை
எடிட்டிங் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
ரப்பர் ஷீட் எண்ணுகிற மாதிரி
எண்ணி வைத்திருக்கிறேன்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகையில்தான்
எங்களூரில் சொல்லாமல் போவார்கள்.
இது அப்படிப் போகிறது.
பிழைச் செய்தி இல்லை, ஒரு மணிச்சத்தம் இல்லை.
மாலையை உயர்த்திய கை
உயர்ந்தபடி நிற்க,
சட்டென்று ஒரு பனிமலை,
கம்பெனிக்காரன் வைத்துவிட்ட படம்.

அபிஷாவுக்கும் றோபினுக்கும் அருமனைச் சர்ச்சில் கல்யாணம்.
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்.
சனிக்கிழமை விடியுமுன் அவனுக்கு மஸ்கட் விமானம்,
திரும்ப இரண்டு வருடம்.
"அவிய போறதுக்கு முன்ன
ஒருக்கா சேந்து இருந்து பாக்கணும்க்கா."
தினமும் அதே குரல், அதே பதினொரு மணிக்கு.

முதலில் ட்ரோன் படத்தைச் சந்தேகித்தேன்.
பிறகு, காசு கொடுக்காமல் ஏற்றிய
பூ உதிரும் எஃபெக்டை.
டெக்னோபார்க்கில் இருக்கும் சித்தி மகன் லிபின்
விண்டோஸை அழித்துப் போடச் சொன்னான்,
போட்டேன், இருமுறை.
டிரைவர் புதியது, பழையது, அதற்கும் பழையது.
குலசேகரத்து மழையில் கண்சிமிட்டும் கரண்டின்மேல்
பழி போட்டு
போட்டோஸ்டாட் கிறிஸ்துதாசிடம்
யு.பி.எஸ். இரவல் வாங்கினேன்.
அன்றைக்கு மட்டும் ஆறு கோடு.

புதன் மாலை
வரவேண்டிய பாக்கியைக் கணக்குப் பார்க்க
கால்குலேட்டரைத் திறந்தேன்.
அதுவும் போயிற்று.
கூட்டத் தெரிந்த பாவம் அது,
யாருக்கு என்ன செய்தது?

ஒருத்தன் விழுந்தால் அவன் குடித்திருக்கலாம்.
வருகிறவன் எல்லாம் விழுந்தால்
படி உடைந்திருக்கிறது.

பென்டிரைவில் மெமரி டெஸ்ட்டை ஏற்றி
இரவு முழுக்க ஓடவிட்டேன்.
எழுது, படி, அழி, எழுது.
இரண்டரைக்கு ஒரு சிவப்பு வரி.
கோடிகோடி விளக்குகளில்
ஒன்றே ஒன்று
அணை என்றால் அணையாமல் எரிகிறது.
"சவம், நீதானா" என்றேன் வாய்விட்டு.
மழையால் பால்வெட்டு இல்லாமல்
தூங்கிக்கொண்டிருந்த கணவர்
"நானா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

பெட்டியைத் திறந்தால்
அருகருகே இரண்டு ரேம் குச்சிகள், இரட்டைப் பிள்ளைகள்.
மகளின் பென்சில் டப்பாவில் ரப்பர் எடுத்து
(எங்களூரில் ரப்பருக்கா பஞ்சம்)
பொன் பற்களைத் தேய்த்தேன்.
சிவப்பு வரி மாறவில்லை.
ஒன்றை எடுத்தேன், மற்றதை எடுத்தேன்,
இடம் மாற்றிச் செருகினேன்.
இடத்தில் குற்றமில்லை.
குச்சி போன இடமெல்லாம்
குற்றமும் கூடவே போயிற்று.

பாதி நினைவோடு
பாதி வேகத்தில் வேலை.
ஒவ்வொரு வெட்டுக்கும் வட்டம் சுற்றி யோசிக்கிறது.
ஆனால் போகவில்லை.
கழுத்தில் மாலை விழுந்தது.
நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன்.

வெள்ளி இரவு பதினொன்றேகால்.
அவர்கள் வீட்டில்
தராசில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.
நேந்திரங்காய் வற்றல் ஒரு கிலோ கூடுதல்,
எடுப்பதா வைப்பதா என்று தர்க்கம்.
சேர்ந்து இருக்க யாருக்கும் நாற்காலி இல்லை.
பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் றோபின்.
"எனக்கு ஒரு காப்பி வேணும்க்கா,"
அபிஷா வற்றல் பொட்டலத்தைப் பிடித்தபடி.
அவன் எல்லாரிடமும் சொன்னான், என்னிடமும்:
வாறேன்.

திங்கட்கிழமை நாகர்கோவில்.
பில்லையும் குச்சியையும் நீட்டினேன்.
சிவப்பு வரியின் போட்டோவையும் காட்டினேன்.
கடைக்காரப் பையன் பார்க்கவில்லை.
குச்சியை வாங்கி
மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை
ஊதினான்.
"இப்ப போட்டுப் பாருங்க மேடம்."